பாறைமேல் வெள்ளைத் துகள்

ஒரு முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஊரில் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது மேல். நாற்பத்தேழு வயதில், கண்ணாடி போடாமல் பஸ்ஸின் போர்டைக்கூட வாசிக்க முடியாத பருவத்தில், கரியிலக்கிளி என்ற பறவைகளுக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது என்று நான் நம்பினேன்.

ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. நாற்பத்தொரு நாள். சபரிமலைக்கு மாலை போட்டவனைப் போல.

அந்த நம்பிக்கை நகரத்தில் ஒரு கல்லூரியின் மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில் முடிந்தது. சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று சொல்லும் மின்விசிறி. பார்மலின் வாசனை, அதன்மேல் யாரோ மதியம் தின்ற மத்திக்குழம்பின் வாசனை. என் கைடு ஆதிரா மேடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார். நான் கொண்டுபோன கவர் பக்கத்தில் பிரிந்து கிடந்தது. அதன்மேல் என் கையெழுத்து: 'பாறைமேல் வெள்ளைத் துகள். பூஞ்சை?'

கேள்விக்குறியை அடக்கம் கருதித்தான் போட்டிருந்தேன். மனசுக்குள் அது பூஞ்சைதான். யாரும் பார்த்திராத பூஞ்சை. அதைத் தின்னத்தான் என் பறவைகள் அந்தப் பாறைக்கு வருகின்றன. அதற்கு லத்தீனில் பெயர் வைப்பார்கள், அந்தப் பெயரின் வாலில் என் பெயரைக் கட்டுவார்கள். பாறசாலை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே வாலின் எழுத்துக்கூட்டலை முடிவு செய்திருந்தேன்.

மேடம் நிமிரவில்லை. குமிழைத் திருகினார். மறுபடி திருகினார்.

புதுப் பூஞ்சையைப் பார்த்தவர்கள் இத்தனை நேரம் பேசாமல் இருப்பார்களா?

பரீட்சைக்கு வராத கேள்வி

மேடம் குனிந்தபடி இருக்கட்டும். அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. ஒன்பதாம் வகுப்பில் என் மாணவி. அப்போது தனுவச்சபுரத்தில் பஸ் இறங்கி, ஒரு கையில் குடையும் மறு கையில் சோத்துப்பாத்திரமுமாக வரும் ஒல்லிக் குழந்தை. ஒரு நாள் தேனீ பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ராணி முட்டையிடும், வேலைக்காரி முட்டையிடாது, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இந்தக் குழந்தை எழுந்து நின்றது.

"சார், வேலைக்காரி முட்டையே இடாதே. அப்பம் அதுக்க குணம் அடுத்த தேனீக்கு எப்படி சார் போவும்?"

பரிணாமத்தைப் பற்றி யோசித்தவர்கள் எல்லோரையும் தூங்கவிடாமல் செய்த கேள்வி அது என்று இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது மணி அடிக்க நான்கு நிமிடம் இருக்கிறது என்பது மட்டும்.

"அது பரீட்சைக்கு வராது. உக்காரு," என்றேன்.

அது உட்கார்ந்தது. கேள்வி உட்காரவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே அந்தக் குழந்தை எம்.எஸ்சி., பிஎச்.டி., அதற்கு மேலும் படித்து, குளவி, எறும்பு, குருவி என்று சுற்றிவிட்டு வந்து நகரத்தில் பேராசிரியராக உட்கார்ந்துவிட்டது.

நான் அதே பள்ளிக்கூடத்தில் அதே தேனீயை நடத்திக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்து வயதில் எனக்குத் திடீரென்று ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்காதீர்கள். சிலருக்கு அந்த வயதில் தலைமுடிக்குச் சாயம் பூசத் தோன்றுகிறது. எனக்குப் பூச முடி இல்லை.

நுழைவுத் தேர்வு எழுதிய கூத்து தனிக் கதை. இது நேர்முகத் தேர்வு. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். 'இந்த வயதில் ஏன்?' என்ற கேள்விக்கு இரண்டு பக்கம் மனப்பாடம் செய்து போயிருந்தேன். ஓரத்தில் இருந்த இளம்பெண் அதைக் கேட்கவில்லை. மெதுவாக, "வேலைக்காரத் தேனீ முட்டை இடாது. அப்பம் அதுக்க குணம் அடுத்த தேனீக்கு எப்படி சார் போவும்?" என்றார்.

கேள்வி புரிவதற்கு முன்னால் குரல் புரிந்தது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"இது பரீட்சைக்கு வருமா மேடம்?" என்று கேட்டேன்.

மற்ற நான்கு பேரும் விழித்தார்கள். அவர் மட்டும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு இடம் கிடைத்தது. அன்று முதல் நான் அவருக்கு 'சார்', அவர் எனக்கு 'மேடம்'. நான் உள்ளே போனால் அவர் எழுந்திருப்பார். அவர் எழுந்துவிட்டாரே என்று நான் உட்கார மாட்டேன். எங்கள் சந்திப்புகளில் முதல் ஐந்து நிமிடம் இருவரும் நின்றபடியே கழியும்.

கூடப் படித்தவர்கள் எல்லாம் இருபத்துமூன்று, இருபத்துநான்கு. ஆரம்பத்தில் 'அங்கிள்' என்றார்கள். புள்ளியியல் முதல் தேர்வில் என் மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு 'அளியா' என்று, அதாவது மச்சான் என்று, கூப்பிட ஆரம்பித்தார்கள்.

செக்போஸ்ட்

கரியிலக்கிளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புத்தகத் தமிழில் தவிட்டுக்குருவி. தவிட்டு நிறம், வெளிறிய கண், எந்நேரமும் யார்மேலோ கோபம். ஏழெட்டாகத் திரியும், காய்ந்த இலையைப் புரட்டிப் புழுவும் கறையானும் தேடும். விடாமல் சண்டை போடும், சண்டை முடிந்ததும் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்து இறகு கோதிவிடும். எங்கள் ஆசிரியர் அறையில் பின்பாதி கிடையாது.

இந்தக் கூட்டத்தில் முட்டையிடுவது பெரும்பாலும் ஒரு ஜோடிதான். ஆனால் குஞ்சு பொரிந்தால் எல்லாப் பறவைகளும் இரை கொண்டுவந்து ஊட்டும். இப்படி ஊட்ட வருவதை உதவிப் பறவை என்பார்கள். தன் குஞ்சு இல்லை. சில நேரம் சொந்தம்கூட இல்லை. பிறகு எதற்காக ஊட்டுகிறது? இதுதான் என் ஆராய்ச்சி.

பதிவு செய்துவிட்டு வந்த அன்று இதைக் காலைச் சாப்பாட்டில் என் மாமனாரிடம் அரைமணி நேரம் விளக்கினேன். அவர் பத்திரிகையை மடித்தார்.

"அதுக்கு வேற சோலி இல்லாத்ததினாலே ஆக்கும்," என்றார். மறுபடி விரித்துக்கொண்டார்.

மாமா பெயர் மாதவன் பிள்ளை. மாநில எல்லையில் அமரவிளை செக்போஸ்ட்டில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க லாரிகளை நிறுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவருக்கு ஓய்வுக்குப் பிறகு லாரி கிடைக்கவில்லை. அத்தை போனபின் எங்களோடு வந்துவிட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டார். மீன்காரி, கேஸ் சிலிண்டர்காரர், நான் என்று யாரும் விசாரணை இல்லாமல் அந்தக் கேட்டைத் தாண்ட முடியாது. எங்கோட்டு, எதுக்கு, பையில என்ன உண்டு.

என் பைனாகுலரை முதல் நாள் பிடித்து வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில பாத்தா பறவைக்க மனசு தெரியுமா மருமவனே?"

இருபது வருடமாக அவர் என்னை 'மருமவனே' என்றுதான் கூப்பிடுகிறார். அதில் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. லாரி நம்பரை வாசிக்கிற தொனி.

முட்டுவலி உண்டு. கோயிலுக்குப் போனால் படியேற மாட்டார். ரோட்டில் நின்றே கும்பிடுவார், சாமிக்குத் தன்னைத் தெரியும் என்பார்.

வெறுங்கை

வீட்டுக்குப் பின்னால் மாமாவின் நிலம். ரப்பர் மரங்கள் சரிவாக ஏறிப்போய், உச்சியில் ஒரு தட்டைப் பாறையில் முடியும். மேலே ஒரு பெரிய அயினி மரம், காட்டுப்பலா வகை. அங்கே ஒரு கரியிலக்கிளிக் கூட்டம் உண்டு என்று மேடமும் நானும் முன்பே பார்த்து வைத்திருந்தோம். காலை ஆறரைக்குப் பாறைக்கு எதிரே உட்கார வேண்டியது, எட்டரை வரை எழுத வேண்டியது, பிறகு குளித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டியது. திட்டம் அருமையாக இருந்தது. அதைப் பறவைகளிடம் யாரும் சொல்லவில்லை.

வாரக்கணக்கில் உட்கார்ந்தேன். அணில் வந்தது. ரப்பர் பால்வெட்டுக்காரர் வந்து, யாரையாவது பயந்து ஒளிந்திருக்கிறேனா என்று அக்கறையாக விசாரித்தார். கரியிலக்கிளிகள் எங்கோ பள்ளத்தில் சண்டை போடும் சத்தம் மட்டும் வரும். நான் எழுந்து போவதற்குள் அவை திருப்புறம் பக்கம் போயிருக்கும். என் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக 'இல்லை'. அலுப்பாக இருந்தால் மலையாளத்தில் எழுதுவேன். ரொம்ப அலுப்பாக இருந்தால் இங்கிலீஷில்.

காலைச் சாப்பாட்டில் இதையெல்லாம் தமாஷாக்கிச் சொல்வேன். இன்றைக்கும் பறவைகள் கேஷுவல் லீவு என்பேன். என் மனைவி ஷோபா சிரிப்பாள். அவள் நர்ஸ், ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரத்திலும் சிரிக்க இரண்டு நொடி வைத்திருப்பாள். மாமா பத்திரிகைக்குப் பின்னால் இருப்பார்.

தமாஷுக்கு அடியில் ஒரு விஷயம் இருந்தது. ஏற்கெனவே ஒரு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. ஆய்வுக் குழு கூடும்போது போதுமான கவனிப்புக் குறிப்புகளை மேசைமேல் வைக்க வேண்டும். இல்லையென்றால் பதிவை ரத்து செய்வார்கள். நாற்பத்தேழு வயதில் படிப்பை நிறுத்திய மாணவன் என்று ஒரு பிரிவு எந்த விண்ணப்பத்திலும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் என்ன முகத்தை வைத்துக்கொண்டு தேனீ நடத்துவது? மேடத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அந்தக் குழந்தையை ஒரு முறை 'உட்காரு' என்று சொல்லியாயிற்று. இன்னொரு முறை தலைகுனிய வைக்க வேண்டுமா?

ஒரு நாள் பாறையிலிருந்து இறங்கி வந்து நேராகக் குளியலறைக்குப் போனேன். குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். வெளியே கேட்கக்கூடாது என்று தண்ணீர். நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது.

கதவுக்கு வெளியே மாமாவின் குரல் வந்தது.

"மருமவனே, டாங்கில வெள்ளம் தீரும்."

குழாயை மூடினேன். அழுகையையும்.

நீலச் சட்டை

அடுத்த வாரம் பறவைகள் வந்தன.

நான் போய் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம். அயினியிலிருந்து ஒன்று இறங்கிற்று, பின்னால் மற்றவை. மொத்தம் எட்டு. பாறைமேல் குதித்தன, கொத்தின, சண்டை போட்டன. அவசரத்தில் நான் எழுதியதைப் பிறகு என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

மறுநாளும் வந்தன. அதற்கு மறுநாளும். அதே நேரம். பறவைகளுக்கு எண்தான் கொடுக்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். கொடுத்தேன். ரகசியமாகப் பெயரும் வைத்தேன். மேலே உட்கார்ந்து காவல் பார்ப்பது ஹெட்மாஸ்டர். வால் பாதி முறிந்தது வால்முறி. எந்தச் சண்டையிலும் இல்லாமல், எல்லோரும் தின்றபின் வந்து தின்னும் ஒன்றுக்கு என் பெயரையே வைத்துக்கொண்டேன்.

பத்து நாள் ஆனதும் எனக்குள் ஒரு சித்தாந்தம் முளைத்தது. இவை என்னை அடையாளம் கண்டுகொள்கின்றன. முதல் நாள் போட்டிருந்த நீலச் சட்டையை மாற்ற எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஷோபா அதைத் தினமும் ராத்திரி துவைத்துக் மின்விசிறியின் கீழே போட்டாள். இந்தச் சட்டைக்காவது டாக்டர் பட்டம் கிடைக்கும் என்றாள்.

பாறையில் மக்கிய மரத்துண்டுகள் கிடந்தன, கறையானோடு. 'இவ்விடத்தில் கறையான் மிகுதி' என்று எழுதி அடிக்கோடிட்டேன். ஒரு தட்டைப் பாறையில், மரம் எதுவும் முளைக்காத இடத்தில், மக்கிய மரம் எப்படி வந்தது என்று ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. பாறை இடுக்குகளில் வெள்ளையாகத் துகள்கள் இருந்தன. ஈரமாக, இழையிழையாக. அதைத்தான் இடுக்கி வைத்து எடுத்துக் கவரில் போட்டேன்.

இப்போது ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பலாம். மேடம் நிமிர்ந்துவிட்டார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார்.

"சாரே, வீட்ல புட்டா?"

"ஆமா மேடம். ஏன்?"

"இது தேங்காய்ப்பூவாக்கும்."

மின்விசிறி 'டக்' என்றது.

நானும் குனிந்து பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் தேங்காய்த் துருவல் அழகாகத்தான் இருக்கிறது. துருவிய திருவலகின் பல் பட்ட இடம்கூடத் தெரிகிறது. பக்கத்தில் உருண்டையாக ஒட்டியிருந்தது அரிசிமாவு, வேக வைத்தது. என் வாலில்லாத பூஞ்சை.

மேடம் குற்றம் சொல்லவில்லை. சந்தேகமாகக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. காட்டுப் பறவைகள் ரயில் மாதிரி நேரம் தவறாமல் வருவது தனக்கும் உறுத்திக்கொண்டிருந்தது, யார் தீனி வைக்கிறார்கள் என்று பாருங்கள் சார், என்று மட்டும் சொன்னார். குழு கூட மூன்று வாரம் இருந்தது.

நான் நல்லவன் என்று எழுத ஆசைதான். ஆனால் ரயில் பாறசாலை வந்து சேர்வதற்குள் மூன்று பொய்களைத் தயாரித்துவிட்டேன். கவரில் முன்பே தேங்காய் இருந்தது என்பது அவற்றில் சிறந்தது. மூன்றையும் ஓர் ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் ஷோபாவைப் பிடித்தேன். நீதானா?

அவள் இட்டலிப் பானையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அஞ்சு மணிக்கு எந்திச்சு உங்களுக்கும் அப்பாவுக்கும் புட்டு அவிக்கியதே பெருசு. இனி கிளிக்கும் வேற அவிக்கணுமா?"

மிச்சம் வையுங்கோ

மறுநாள் வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினேன். வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. நீலச் சட்டை போடவில்லை. பாறைக்கு இருபதடி தள்ளி ஒரு ரப்பர் மரத்தின் பின்னால் நின்றேன். ரப்பர் மரம் ஒல்லி, நான் அப்படியில்லை. இருபுறமும் மிச்சம் தெரிந்திருக்கும்.

கீழே சருகு நொறுங்கும் சத்தம். ஒரு அடி, நிறுத்தம். ஒரு அடி, நிறுத்தம்.

மாமா.

வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு கையில் கம்பு. மறு கையில் அவருடைய டிபன் பாத்திரம். குளித்துவிட்டுத் தின்னுவேன் என்று சொல்லி, கொஞ்ச காலமாக அவர் காலைப் புட்டை அதில்தான் வாங்கி வைத்துக்கொள்வார். கக்கத்தில் பழைய மாட்டுக்கொட்டகையின் மரத்துண்டு, கறையான் அரித்தது. கரியிலக்கிளிக்குக் கறையான் என்றால் உயிர் என்று நான் எப்போதோ ஒரு காலைச் சாப்பாட்டில் சொன்னது. பத்திரிகைக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறார்.

கோயில் படி ஏறாத மனிதர் பாறையில் ஏறினார். முழங்காலைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்து ஏறினார். மரத்துண்டைப் பாறையில் தட்டிக் கறையானைக் கொட்டினார். பாத்திரத்தைத் திறந்து புட்டை உதிர்த்துப் போட்டார். போட்டுக்கொண்டே கோழியைக் கூப்பிடுவது போல நாக்கைச் சொடுக்கினார்.

அயினியிலிருந்து எட்டும் இறங்கின. அவர் காலைச் சுற்றிக் குதித்தன. வால்முறி அவர் செருப்புமேல் ஏறி நின்றது.

மாமா அவற்றிடம் பேசினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"மருமவன் இப்பம் வருவாரு. அதுக்குள்ள எல்லாத்தையும் தின்னு தீத்துரப்பிடாது. கொஞ்சம் மிச்சம் வையுங்கோ. அவரு வந்து எழுதணும்."

பிறகு ஒரு கொப்பை ஒடித்துத் தன் காலடித் தடங்களைக் கவனமாகப் பெருக்கிவிட்டார். தடயம் என்றால் என்னவென்று தெரிந்த ஆள் அல்லவா. மரம் மரமாகப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், இறங்கிப் போனார்.

நான் மரத்தை விட்டு வெளியே வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். பறவைகள் தின்றுகொண்டிருந்தன. சட்டை மாறியதை ஒன்றுகூடக் கவனிக்கவில்லை. அன்று நான் எதுவும் எழுதவில்லை.

அந்த மண்டன்

மேடத்துக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன். மூன்று பொய்களில் ஒன்றுகூட உபயோகப்படவில்லை.

"நாப்பத்தொண்ணையும் வெட்டணும் சார்."

"வெட்டிருவோம் மேடம்."

"மாமாட்ட கோவப்படப்பிடாது, கேட்டீங்களா."

கோபமா? அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் ஒத்திகை பார்த்து, காலைச் சாப்பாட்டில், ஷோபாவிடம் சொல்வது போலச் சொன்னேன். யாரோ பாறையில் தீனி போடுகிறார்கள். தீனிக்கு வந்த பறவையை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாது. எழுதினது அத்தனையும் போயிற்று. இனியும் போட்டால் படிப்பே போய்விடும்.

பத்திரிகை அசையவில்லை. அதன் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"யாராக்கும் அந்த மண்டன்?"

"தெரியாது மாமா."

"கண்டுபிடிச்சா செவுட்டில ரெண்டு குடுக்கணும்."

அவ்வளவுதான். மறுநாள் முதல் புட்டைத் தட்டிலேயே வாங்கிக்கொண்டார். அதைத் தின்றாரா என்றால், ஷோபா சொல்கிறபடி, பிசைந்துவிட்டு எழுந்து போனார். கேட்டில் மீன்காரி கேள்வியில்லாமல் உள்ளே வந்தாள். அவளே திகைத்துப்போய், பெரியவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

பறவைகள் இரண்டு நாள் வந்து பாறையைப் பார்த்தன. மூன்றாம் நாள் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

குழு கூடியது. நாற்பத்தொரு நாள் குறிப்பு இருக்கிறது, அதை நானே வெட்டிவிட்டேன், என் மாமனார் புட்டு போட்டார் என்றேன். ஒரு மூத்த உறுப்பினர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, சார் மறைத்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்காது என்று மட்டும் சொன்னார். நான் எப்போதும் செய்வது போல, அவர் நின்றதால் நானும் எழுந்து நின்றேன். ஒரு வருடம் கொடுத்தார்கள். இதுவே கடைசி என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கேட் தாழிட்டிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா. எழுந்து வந்து கொண்டியில் கை வைத்தார், திறக்கவில்லை.

"படிப்பு போச்சா?"

"இல்ல மாமா. ஒரு வருசம் தந்திருக்கு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொண்டியைப் பார்த்தார்.

"அந்த மண்டன் நானாக்கும்."

"தெரியும் மாமா."

"எப்பம்?"

"நீங்க மிச்சம் வைக்கச் சொன்ன அண்ணைக்கு."

கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரக்கோடு பிடிபட்டவர் மாதிரி நின்றார். எனக்கு வாயில் எப்போதும் தயாராக இருக்கும் தமாஷ் ஒன்றுகூட வரவில்லை. ஆராய்ச்சி மாணவன் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"எதுக்காக்கும் மாமா போட்டீங்க?"

"வேற சோலி இல்லாத்ததினாலே ஆக்கும்," என்றார்.

பிறகு கொண்டியை எடுத்தார்.

"உள்ள வா மக்கா. சாயா ஆறுது."

குறிப்பு

அந்த வருடம் மழை முடிந்தபின் அயினி மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பலா மரத்தில் பறவைகள் கூடு கட்டின. நான் இடத்தை மாற்றிக்கொண்டேன், நீலச் சட்டை தரை துடைக்கும் துணியாகிவிட்டது. பதினொரு நாள், அடைகாக்கும் பறவையைத் தவிர, கூட்டத்தில் ஒன்றும் வரவில்லை. 'இல்லை' என்று தமிழிலேயே எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை என்பதால் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு வந்தன. ஏழுதான். எட்டாவதற்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கூட்டில் குஞ்சுகள் வாயைத் திறந்தன. தாய் தகப்பன் முதலில். அவை போனபின், எப்போதும் கடைசியில் வந்து தின்னும் அந்தப் பறவை அலகில் ஒரு பச்சைப் புழுவோடு வந்தது. அது அதன் குஞ்சு இல்லை. ஊட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கூட்டு விளிம்பில் நின்றது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துபோயிற்று.

நான் கீழே இறங்கி வந்தேன். மாமா கேட்டில் இல்லை. சரிவு முடியும் இடத்தில், ரப்பர் தோட்டத்தின் எல்லையில், நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் ஒரு அடிகூட அவர் வைத்திருக்கவில்லை. சருகில் தடம் பார்த்தாலே தெரிந்தது.

"வந்துதா?"

"வந்துது மாமா. ஏழு."

"நான் ஒண்ணும் போடல்ல, கேட்டியா."

"தெரியும்."

அவர் நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, மேலே வைத்துத் தப்புத் தப்பாகக் கிறுக்கியதைக் குறிப்பேட்டில் நல்ல கையெழுத்தில் எழுதினேன். அது இப்போது ஆய்வேட்டில் இங்கிலீஷில் இருக்கிறது. அன்று தமிழில்தான் எழுதினேன்.

காலை ஒன்பதே கால். ஏழு பறவைகள். உதவிப் பறவை ஒரு முறை இரை ஊட்டியது. தீனி எதுவும் வைக்கப்படவில்லை.